மண்கோட்டையும் வசனக்கோட்டையும்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நாட்களில் ரதவீதிகளில் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. என் சிறுவயதில் பக்திப் பாட்டுகளுக்கு இடையே தவறாமல் ஒன்று வரும்: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஒலிச்சித்திரம். ஜாக்ஸன் துரை வரி கேட்பார். ஏன் கட்டவேண்டும் என்று கட்டபொம்மன் அடுக்கிக்கொண்டே போவார். குரல் படிப்படியாக ஏறும். வளையல்கடைக்காரர் ஒருவர் வியாபாரத்தை நிறுத்தாமலே, ஒரு சிறுமியின் கையில் வளையலை ஏற்றியபடியே, கூடவே உதடசைப்பார். எனக்கும் பாடம். பள்ளி ஆண்டு விழாவில் அட்டைக்கத்தியோடு நின்று அதை ஒப்பிக்காத பையன்கள் எங்கள் வகுப்பில் குறைவு. படத்தைப் பார்த்தது அதற்கெல்லாம் பிறகுதான், டூரிங் கொட்டகையில், மணலில் உட்கார்ந்து. முடிந்து வெளியே வந்தபோது புதிதாக எதையும் பார்த்துவிட்டதாகத் தோன்றவில்லை. காதால் கேட்டிருந்ததற்கு வர்ணம் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். அன்று அது குறையாகப் படவில்லை. இன்று அந்தப் பையனின் அனுபவமே படத்தைப் பற்றிய விமர்சனம் என்று நினைக்கிறேன். ஒலித்தட்டில் முழுசாக அடங்கிவிடுகிற ஒரு படத்துக்கு இத்தனை குதிரைகள் எதற்கு?

படம் 1959 மே மாதம் வந்தது. பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கியது. கேவா கலரில் எடுத்து, லண்டனில் டெக்னிக்கலர் பிரதி போட்டார்கள். தமிழுக்கு அது புதிது. போர்க்காட்சிகளுக்காக ஜெய்ப்பூர் போனார்கள். இந்திய ராணுவத்தினர் வந்து நின்றார்கள். 1957 முதல் சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றி வந்த நாடகம்தான் இது. எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. சரித்திர ஆலோசனைக்கு ம.பொ.சி. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர், ஜி. ராமநாதன் சிறந்த இசையமைப்பாளர். 2015-இல் புதுப்பித்துத் திரும்பவும் திரையிட்டார்கள். அப்போதும் கூட்டம் வந்தது. ஒரு படத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கலாம். எனக்கு இரண்டு வேண்டியிருக்கிறது. இது போர்ப் படம் என்றால் போர் எங்கே? சரித்திரப் படம் என்றால் சரித்திரம் எங்கே?

உடனே ஒரு பதில் வரும், கலை சரித்திரத்துக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை என்று. ஒப்புக்கொள்கிறேன். கட்டபொம்மன் வீரரா கொள்ளைக்காரரா என்று ம.பொ.சி.யும் தமிழ்வாணனும் நடத்திய வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டு பேருமே ஒரு மனிதரைப் பற்றிப் பேசவில்லை. நற்சான்றிதழ் ஒன்றைப் பற்றித்தான் பேசினார்கள். என் புகார் வேறு. நடந்தது, எழுதப்பட்டதைவிட நாடகமாக வளமானது. கைக்கு எட்டிய இடத்தில் கிடந்த அந்த வளத்தைத் தள்ளிவிட்டு, ஏழ்மையான ஒன்றைத் தேர்ந்து, அதன்மேல் பணத்தைக் கொட்டினார்கள்.

ராமநாதபுரம் சந்திப்பையே எடுத்துக்கொள்வோம். படத்தின் உயிர் என்று எல்லோரும் சொல்வது இந்தக் காட்சியைத்தான். படத்தில் கட்டபொம்மன் உள்ளே வருகிறார். உட்காரச் சொல்லாத துரையின் முன்னால் தானே நாற்காலியில் அமர்கிறார். கிஸ்தி என்ற சொல்லையே எரித்துச் சாம்பலாக்குகிறார். கைதட்டல்.

ஆவணங்கள் சொல்லும் கதை இப்படி. 1798 மே 31 கணக்குப்படி பாஞ்சாலங்குறிச்சியின் கிஸ்தி பாக்கி 3310 பகோடா. ஆகஸ்டு 18-ஆம் தேதி ராமநாதபுரத்தில் தன்னை வந்து பார்க்கும்படி கலெக்டர் ஜாக்ஸன் கட்டளை அனுப்புகிறார். கட்டபொம்மன் போகிறார். கலெக்டர் குற்றாலத்தில் இருந்தால் குற்றாலத்துக்கு. அங்கே பேட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தால் அங்கே, அங்கும் இல்லை. ராமநாதபுரத்துக்கு வந்தால் பார்க்கலாம் என்கிறார் துரை. இருபத்து மூன்று நாட்கள், ஏறக்குறைய 400 மைல், ஒரு பாளையக்காரர் தன் பரிவாரத்தோடு கலெக்டரின் கூடாரத்துக்குப் பின்னாலேயே அலைகிறார். குற்றாலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர் மேற்குமலை அடிவாரத்தை ஒட்டி, எங்கள் பக்கத்துக் கரிசலும் செவலும் கலந்த பூமி வழியாகத்தான் போயிருக்க வேண்டும். வழியெல்லாம் வேறு பாளையங்கள். பாஞ்சாலங்குறிச்சியார் வெள்ளைக்காரன் பின்னால் போகிறார் என்று அவரவர் கோட்டை வாசலில் நின்று பார்த்திருப்பார்கள். கடைசியில் செப்டம்பர் 10-ஆம் தேதி ராமநாதபுரத்தில் பேட்டி கிடைக்கிறது. கணக்கைப் பார்த்தால் பாக்கியில் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. மிச்சம் 1080 பகோடாதான். இருந்தும் கட்டபொம்மனும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றபடியே பதில் சொல்கிறார்கள். ஆபத்து தெரிந்து வெளியேறும்போது கோட்டை வாசலில் கைகலப்பு. ஊமைத்துரை ஆட்களோடு புகுந்து அண்ணனை மீட்கிறார். லெப்டினன்ட் கிளார்க் சாகிறார். சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபடுகிறார்.

இதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். கட்டபொம்மன் சென்னைக்கு முறையிடுகிறார். பிரௌன், ஓரம், காசாமேஜர் என்று மூவர் அடங்கிய குழு விசாரிக்கிறது. குற்றம் ஜாக்ஸன்மேல் என்று முடிவாகி அவர் வேலையை இழக்கிறார். அவர் இடத்துக்கு லஷிங்டன் வருகிறார். அதாவது கட்டபொம்மன் கம்பெனியின் நியாயஸ்தலத்தில் ஒருமுறை ஜெயித்தவர். ஜெயித்த பிறகுதான் தோற்றார்.

இதில் இருக்கும் மனிதரைப் பாருங்கள். பாக்கியைக் கட்டிவிட்டு, கட்டியதற்கான மரியாதையைக் கேட்டு இருபத்து மூன்று நாள் அலைந்தவர். வரி கட்டுவதா கூடாதா என்று அவர் கொள்கைப் பிரசங்கம் செய்யவில்லை. கட்டியும் நிற்கவைக்கப்பட்டார் என்பதுதான் அவமானம். மூன்று மணி நேரம் கால்கடுக்க நின்ற ஒருவருக்குள் என்ன நடந்தது, எந்த நிமிஷத்தில் அவர் பணிந்துபோகிற பாளையக்காரர் என்ற ஸ்தானத்திலிருந்து நழுவினார் என்பதற்கு ஒரு எழுத்தாளன் பத்து வருஷம் செலவழிக்கலாம். சக்தி கிருஷ்ணசாமி அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். உட்கார்ந்ததுமே அவமானம் போய்விட்டது. அதோடு நாடகமும் போய்விட்டது. மிஞ்சியது பட்டிமன்றம். எதிரில் இருப்பவன் தோற்பதற்கென்றே அழைத்துவரப்பட்டவன். அப்படிப்பட்ட வாதத்தில் ஜெயிப்பதற்கு வீரம் வேண்டாம், நல்ல மூச்சு இருந்தால் போதும்.

இன்னொன்று. அந்த அறையில் ஒரு துபாஷி இருந்திருக்க வேண்டும். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்றாமவர் வாயில் புகுந்து வரவேண்டும். கட்டபொம்மனின் வீட்டு மொழி தெலுங்கு. ஜக்கம்மாவைக் கும்பிடும் கம்பளத்து நாயக்கர்கள். படை வீரர்களில் மறவர்கள், தேவேந்திரர்கள். கணக்கும் ஓலையும் வேளாளப் பிள்ளையிடம். இத்தனை நாக்குகள் புழங்கிய ஒரு முகாமில், படத்தில் எல்லோருக்கும் ஒரே நாக்கு. அது பாஞ்சாலங்குறிச்சியின் நாக்கு இல்லை. ஐம்பதுகளின் சென்னை மேடையுடைய நாக்கு. 1857-க்கு முன்பே தமிழன் போராடினான் என்று காட்ட ம.பொ.சி.க்கு ஒரு தமிழ் வீரர் தேவைப்பட்டார். தேவை நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் அந்தத் தேவை வசனமாக மாறி, பாத்திரங்கள் அத்தனை பேரின் தொண்டைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

போருக்கு வருகிறேன்.

1799-இல் போர் ஏன் வந்தது என்பதற்கு எங்கள் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. சிவகிரிப் பாளையத்தில் தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை. கட்டபொம்மன் மகன் பக்கம் நின்று சிவகிரிக்குள் ஆட்களை அனுப்பினார். சிவகிரி கம்பெனிக்குக் கப்பம் கட்டும் பாளையம். கம்பெனி இதைத் தனக்கு விடுத்த சவாலாக எடுத்துக்கொண்டது. பாளையக்காரர்கள் எப்போதும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை ஒன்றுதான் இது. அதற்கு இப்போது புது அர்த்தம் வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொருட்படுத்தவில்லை. செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்குகிறார்.

அந்தக் கோட்டை எப்படி இருந்தது? கம்பெனி ராணுவத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். கோணல்மாணலான நீள்சதுரம், நீளவாட்டில் ஐந்நூறு அடிக்குச் சற்று மேல், அகலவாட்டில் முந்நூறு அடி, முழுக்க மண். இன்றைய ஒரு நடுத்தரப் பள்ளிக்கூட மைதானத்துக்குள் அடங்கிவிடும். இந்த மண்ணை எடுக்கத்தான் பீரங்கிகளோடு வந்தார்கள். முதல் நாள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். இதில்தான் வியப்பு இருக்கிறது. ஜெய்ப்பூரின் கல்லும் வெட்டவெளியும் அணிவகுத்த குதிரைகளும் அந்த வியப்பைத் துடைத்துவிட்டன. பெரிய ராஜா, பெரிய கோட்டை, பெரிய படை, எதிரியும் பெரியவன். சமமானவர்களின் சண்டையாகிவிட்டது. பணம் அதிகமாகச் செலவழித்ததாலேயே வீரம் குறைந்துபோன விந்தை இது.

மண்கோட்டைப் போர் என்றால் என்ன என்று சங்கரன்கோவில்காரன் தெரிந்துகொள்ள பாஞ்சாலங்குறிச்சி வரை போகவேண்டியதில்லை. மேற்கே சிறிது தூரத்தில் நெற்கட்டுஞ்செவல். நெல் கட்டமாட்டேன் என்றதால் அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். 1755-இல் கர்னல் ஹெரான் அங்கே வந்து பூலித்தேவரிடம் பணம் கேட்டு, கோட்டையை உடைக்கப் போதுமான பீரங்கி இல்லாமல் திரும்பிப் போனார். அதை உடைக்க 1761-இல் யூசுப்கான் வரவேண்டியிருந்தது. 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பல் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது தான் கண்டதை மேலிடத்துக்கு எழுதினார். பீரங்கிக் குண்டு சுவரில் ஓட்டை போடுகிறது. போட்ட உடனே, சுடச்சுட, ஆட்கள் வந்து வைக்கோலையும் பனையோலையையும் அந்த ஓட்டையில் திணிக்கிறார்கள். ஒருவன் விழுந்தால் அடுத்தவன் அந்த இடத்துக்கு வருகிறான். இத்தகைய உறுதியைத் தான் வேறெங்கும் கண்டதில்லை என்று எதிரியே எழுதுகிறார்.

வைக்கோல், பனையோலை, மண், மனிதக் கை. இதுதான் திருநெல்வேலிச் சீமையின் போர். இதைப் படமெடுக்க எந்த மகாராஜாவின் கோட்டையும் வேண்டாம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வருவதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1954-இல், குரோசாவா 'ஏழு சாமுராய்' எடுத்திருந்தார். கடைசிப் போர் முழுவதும் மழையும் சேறும். விளைச்சலைக் காப்பாற்றுவதற்காகச் சேற்றில் விழுந்து சாகிற மனிதர்கள். நமக்கும் நெல் இருந்தது, மண் இருந்தது. பார்க்கிற கண் இல்லை. நமது சினிமாக்காரர்களுக்குச் சரித்திரம் என்றால் அரண்மனை என்றும், போர் என்றால் தசரா ஊர்வலம் என்றும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நடிகர் தேர்வைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சிவாஜியில் குறை காண்பவன் தமிழ்நாட்டில் பேருந்து ஏற முடியாது. அவரிடம் நான் குறை காணவில்லை; அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்களைப் பார்ப்போம். வெள்ளையத்தேவன் கதைப்பாடல்களில் வருகிற பாதர் வெள்ளை; முரட்டுச் சிறுபிள்ளை. அந்த வேஷத்துக்கு ஜெமினி கணேசன். காதல் காட்சிக்கு ஒருவர் வேண்டும், அவர் இருந்தார், போட்டார்கள். மாடு பிடிக்கிறபோதும் அவர் கைகள் வீணைக்குரிய கைகள்தான். ஆனாலும் வெள்ளையம்மாள் தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லி அவரைப் போகவிடாமல் தடுக்கும் இடத்தில் படம் திடீரென்று மூச்சுவிடுகிறது. ஏன் என்றால் அது நாட்டார் பாட்டிலிருந்து வந்தது. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது தெரியும். பாட்டுக்காரன் சொன்னதைக் கேட்ட இடத்தில் படம் பிழைத்தது. மேடைப் பேச்சாளன் சொன்னதைக் கேட்ட இடங்களில் செத்தது.

வெள்ளைக்காரர்களாக ஜாவர் சீதாராமன், சி.ஆர். பார்த்திபன். மாவு பூசிய முகமும் உடைந்த தமிழுமாக. நல்ல நடிகர்கள்தான், ஆனால் எழுத்து அவர்களுக்குக் கொடுத்தது ஆணவம் என்ற ஒரே குணம். ஜாக்ஸன் ஒரு கெட்ட அதிகாரி, அவருடைய எஜமானர்களே அவரை நீக்கினார்கள். பானர்மன் கைதேர்ந்த சிப்பாய். இந்த வித்தியாசத்தைப் படம் அறியாது.

எட்டப்பனாக வி.கே. ராமசாமி. இது வெறும் தேர்வுப் பிழை என்று விட்டுவிட முடியாதது. இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் குரலும் கள்ளச்சிரிப்பும் வந்தவுடனே கொட்டகை சிரிக்கிறது. இன்னார் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நெடுநாளைய எல்லைத் தகராறு. எட்டப்பன் என்பது ஒரு ஆளின் பெயரும் இல்லை; அந்த ஜமீனில் வழிவழியாக வரும் பட்டம். 1750-களின் நடுவில் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களைச் சேர்த்து எதிர்த்தபோது, அவருக்கு எதிரணியில் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் சேர்ந்தே நின்றன. அன்றைய கட்டபொம்முவை நாங்கள் என்ன பெயர் சொல்லித் திட்டுவது? 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் ஏச்சுச் சொல்லானது எட்டப்பன்தான். எட்டயபுரத்துக்காரரான என் நண்பர் ஒருவர், வெளியூரில் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் பாரதி பிறந்த ஊர் என்றுதான் பதில் சொல்வார். ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் வருகிற சிரிப்பு அவருக்குப் பழக்கம். அந்தச் சிரிப்பு கொட்டகையிலிருந்து வந்தது.

இப்போது கயத்தாறு. 1799 அக்டோபர் 16. பானர்மன் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து உட்காரவைத்து விசாரணை நடத்துகிறார். படத்தில் இது இன்னொரு பட்டிமன்றம். குற்றவாளிக் கூண்டு, கேள்வி, பதில், பதிலுக்குப் பதில், தூக்குமரத்தடி வரை சொற்பெருக்கு. மறுநாள் பானர்மன் சென்னைக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதை எடுத்துப் போட்டிருக்கிறார். விசாரணை முழுவதும் அந்த மனிதர் அஞ்சாமல், அலட்சியமாக இருந்தார். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி வெறுப்போடு பார்த்தார். தூக்குக்குப் போகும்போது உறுதியாக நடந்தார். இரு பக்கமும் இருந்த பாளையக்காரர்கள்மேல் இகழ்ச்சியான பார்வையை வீசிக்கொண்டு போனார். வழியில் தன் ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்திருக்கக்கூடாது, அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தினார் என்று கேள்விப்பட்டதாகவும் எழுதுகிறார். இவ்வளவுதான்.

இதை எழுதியவர் அவரைத் தூக்கில் போட்டவர் என்பதை மறக்கவேண்டாம். புகழவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் கண்ணில் பட்டது ஒரு பார்வையும் ஒரு நடையும். காதில் விழுந்தது தம்பியைப் பற்றிய ஒரு கவலை, தன்னைப் பற்றிய ஒரு வருத்தம். தூக்குமரத்தடியில் ஒருவன் தன் தவறை நினைக்கிறான். எந்த வசனகர்த்தாவும் அந்த வருத்தத்தை வீரனுக்குக் கொடுக்கமாட்டான். ஆனால் அது இருப்பதால்தான் இவர் நமக்குத் தெரிந்த மனிதராகிறார்.

சிவாஜியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒரு பார்வை, ஒரு நடை: இந்த இரண்டையும் அவரைவிடச் செய்யக்கூடிய நடிகர் அன்று இந்தியாவில் எத்தனை பேர்? இமையைத் தூக்கி எட்டயபுரத்தாரை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்து போயிருப்பார். நம் முதுகு சிலிர்த்திருக்கும். அந்த நடிகரை வைத்துக்கொண்டு அவர் வாயை மட்டும் உபயோகித்தார்கள். தவறான ஆளைப் போட்டதைவிட மோசமான தேர்வு இது. சரியான ஆளைப் போட்டு, அவரிடம் இருந்த பெரியதை வேண்டாம் என்றார்கள்.

படம் கயத்தாறோடு முடிகிறது. போர் முடியவில்லை. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் திரும்ப எழுப்புகிறார்கள். மார்ச் 31-இல் மக்காலேயின் தாக்குதல் தோற்கிறது. மலபார் வரையிலிருந்து படை திரட்டி, மே 24-இல் கர்னல் அக்னியூதான் அதைப் பிடிக்கிறார். அந்தப் போரில் சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் தன் ராணுவ நினைவுகளை வெளியிட்டார். அதில் ஊமைத்துரையைப் பற்றி ஒரு பகுதி. அவர் சைகை ஒவ்வொன்றும் சட்டம். இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துரும்புகளை வைப்பார், அவை வெள்ளைக்காரர்கள். பிறகு வலது கையைக் குறுக்கே வீசி, வாயால் ஒரு சீற்றம் எழுப்பி, துரும்புகளைத் துடைத்துவிடுவார். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு. இன்னொன்றும் சொல்கிறார். கோட்டை விழுந்த பிறகு, காயம்பட்டவர்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், என்னை விட்டுவிட்டுச் சாமியைக் காப்பாற்று என்று மகன் சொல்ல, அவள் ஊமைத்துரையைத் தூக்கிப்போய் வீட்டில் கிடத்துகிறாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், துணியால் மூடிய உடலைக் காட்டி, அம்மை கண்டு செத்த பையன் என்கிறார்கள். வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள்.

உள்ளங்கைத் துரும்பு. துணி மூடிய உடல். இவற்றுக்கு வசனம் வேண்டாம், காமிராதான் வேண்டும். ஆனால் வசனத்தையே சினிமா என்று நம்பியவர்கள் ஒரு ஊமையை எப்படி நாயகனாக்குவார்கள்? கணீர்க் குரலுக்குப் பேர்போன ஓ.ஏ.கே. தேவரை அந்த வேஷத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள். அதே மே மாதம், சில நாள் இடைவெளியில், கண்ணதாசன் தயாரித்து எழுதிய 'சிவகங்கைச் சீமை' கறுப்பு வெள்ளையில் வந்தது. ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்த மருது சகோதரர்களின் கதை, 1801-இன் கதை. அதிலும் வசனத்துக்குக் குறைவில்லை என்றாலும் சோகம் சோகமாக இருந்தது. அது நஷ்டப்பட்டது. பெரிய போர் சின்னப் படமாக வந்து தோற்றதால், சின்னப் போரே எல்லோருக்கும் சரித்திரமானது.

இதெல்லாம் சினிமா விஷயம்தானே என்று விட்டுவிடலாம். விடமுடியாதபடி அது மண்ணில் இறங்கிவிட்டது. 1970-இல் கயத்தாற்றில் சிவாஜி தன் செலவில் இடம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். பெருந்தன்மையான காரியம். ஆனால் அதன் முன்னால் நின்றால் எனக்கு நினைவுக்கு வருகிறவர் சிவாஜிதான். 1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை கட்டியது. பக்கத்திலேயே பழைய மண்கோட்டையின் அடித்தளம் கிடக்கிறது. வருகிறவர்கள் புதுக்கோட்டையைத்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். செட்டு போட்ட இடம் போல ஒரு நினைவிடம், நினைவிடம் போல ஒரு செட்டு. எது எதைப் பார்த்துச் செய்தது என்று இனிமேல் பிரிக்க முடியாது.

ஒரே ஒருவர் பேச, மற்றவர்கள் பக்கத்தில் நிற்கிற சரித்திரத்துக்கு வேறு விலையும் உண்டு. கவர்னகிரி சுந்தரலிங்கம் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்தார் என்று வாய்மொழி வழக்கு சொல்கிறது. படத்தில் அவருக்குக் கிடைத்த இடம் சிறிது. 1997-இல் அவர் பெயரை ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின, கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்தார்கள். இதற்குப் படம் காரணம் என்று சொல்லமாட்டேன். காரணம் அதைவிட மிகப் பழையது. ஆனால் ஒரே முகாமில் சேர்ந்து நின்று செத்தவர்களைச் சேர்ந்து நின்றவர்களாகவே காட்டக்கூடிய ஒரு வாய்ப்பு, இந்தச் சீமை முழுவதும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, கையில் இருந்தது. அதைக் கைதட்டலுக்கு விற்றுவிட்டோம்.

பூலித்தேவரை உடைத்த யூசுப்கானைப் பற்றிக் கமல்ஹாசன் 1997-இல், எலிசபெத் ராணியையே அழைத்து, 'மருதநாயகம்' தொடங்கினார். அது முடியவில்லை. முடிந்திருந்தால் நெற்கட்டுஞ்செவலின் மண்சுவர் அதில் எப்படி வந்திருக்கும் என்று யோசிப்பதுண்டு. வராமல் போனதில் ஒரு நிம்மதியும் எனக்கு உண்டு என்பதை மறைக்கவேண்டாம்.

சங்கரநாராயணர் கோயிலுக்குள் பூலித்தேவர் அறை என்று ஒன்றைக் காட்டுவார்கள். கம்பெனியார் அவரைப் பிடித்துக் கொண்டுபோகும் வழியில், சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை என்பது ஐதீகம். சிறுவயதிலிருந்து பல வாய்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் ஜோதி என்பார், ஒருவர் புகை என்பார், ஒருவர் சுரங்கம் என்பார். உள்ளே போனார், வெளியே சிப்பாய்கள் காத்திருந்தார்கள், வெகுநேரம் ஆயிற்று என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. எனக்குச் சொன்னவர்களில் ஒருவர்கூட அவர் வாயில் ஒரு வசனத்தை வைத்ததில்லை.